அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

வளைகுடாவுக்கு வேலைக்கு வந்தவரிடம் இங்கே என்ன பறவைகள் இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் புறாவையும் காகத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்வார். ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் இதுவரை 450-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. நாடு சிறியது, மழையோ ஆண்டு முழுவதும் சேர்த்துச் சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவே. அப்படியிருந்தும் இத்தனை இனங்கள் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்கும் இந்தியக் கரைக்கும் போகும் பறவைகளின் பாதைகள் இந்த மண்ணின் மேல் ஒன்றையொன்று கடக்கின்றன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் மனிதர்கள் இங்கே உண்டாக்கிய புல்வெளிகளும் ஏரிகளும் தோட்டங்களும் அவற்றுக்கு இறங்கும் இடமாகிவிட்டன.

வாரத்தில் ஒரே ஒரு நாள் விடுப்பு, சொந்தமாகக் கார் இல்லை, கையில் அதிகப் பணமும் இல்லை என்ற நிலையில் இருப்பவரை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் ஷார்ஜாவில் தங்கி துபாயில் வேலை பார்த்த ஒன்பது ஆண்டுகளில் முதல் மூன்றாண்டுகள் அந்த நிலையில்தான் இருந்தேன். அப்போது கற்றுக்கொண்டதில் முதன்மையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகழ்பெற்ற இடத்துக்கு ஆண்டில் இருமுறை போவதைவிட, தங்குமிடத்துக்கு அருகிலுள்ள ஒரு சின்ன ஈரமான இடத்துக்கு ஆண்டில் ஐம்பது முறை போவதே ஒருவரைப் பறவை அறிந்தவராக்கும்.

தண்ணீர் எங்கே கசிகிறது என்று பாருங்கள்

பாலைவன நாட்டில் பறவையைத் தேடக் கூடாது, தண்ணீரைத் தேட வேண்டும். உங்கள் கேம்ப்பிலிருந்தோ அடுக்குமாடி அறையிலிருந்தோ நடந்து போகக்கூடிய 2 கிலோமீட்டர் வட்டத்தில் எங்கெல்லாம் மண் ஈரமாக இருக்கிறது என்பதை ஒரு விடுமுறை நாள் மாலையில் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுண்டபவுட்டின் நடுவிலுள்ள புல்தரை, பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள பேரீச்ச மரங்கள், பூங்காவின் சொட்டுநீர்க் குழாய் உடைந்து தேங்கிய இடம், கட்டட வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில் ஊறிய நீர், ஏ.சி. எந்திரங்களிலிருந்து நாளெல்லாம் சொட்டும் நீரில் முளைத்த செடிகள் ஆகிய எல்லாமே கணக்கில் சேரும். இந்நாட்டின் பசுமையில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரில் வளர்வது. அந்த நீர் பாயும் இடங்களில் புழுவும் பூச்சியும் நிறைந்திருப்பதால் வலசைப் பறவைகள் தவறாமல் இறங்குகின்றன.

அப்படித் தேர்ந்தெடுத்த இடத்தில் நீங்கள் முதலில் காணும் பறவைகளில் பாதி உங்கள் ஊர்ப் பறவைகளாகவே இருக்கும். மைனா, வீட்டுக் காகம், பச்சைக்கிளி, செங்குதக் கொண்டைக்குருவி ஆகியவை கப்பலிலும் கூண்டிலும் வந்து பெருகியவை. கௌதாரி விடியற்காலையில் உங்கள் ஊர்ப் புஞ்சைக் காட்டில் கத்துவது போலவே இங்கும் புல்வெளியோரம் கத்தும். ஆள்காட்டி புல்தரையில் ஓடி நின்று ஓடும். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். கொண்டலாத்தி அலகால் புல்லைக் குத்திக் கிளறும். ஊதாத் தேன்சிட்டு வேலியோரப் பூக்களில் தொங்கும். பச்சைப் பஞ்சுருட்டானை மட்டும் சற்று உற்றுப் பாருங்கள். நம் ஊரில் உள்ளதைவிட இதன் தொண்டையில் நீலம் கூடுதல், வாலின் நடுவிலுள்ள ஊசியிறகு குட்டை. அரேபியப் பஞ்சுருட்டான் என்று தனியினமாகவே இப்போது இதைக் கருதுகிறார்கள். தெரிந்த பறவையிலிருந்து தொடங்கி, அதிலுள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கமே அடையாளம் காணும் கலையின் அடித்தளம் என்பதால், இவற்றைத் தெரிந்தவைதானே என்று தள்ளிவிடாதீர்கள்.

மரங்களிலும் ஒரு பழைய உறவு காத்திருக்கிறது. இந்நாட்டவர் காஃப் என்று அழைக்கும் மரம், அமீரகத்தின் தேசிய மரம், நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி மரந்தான். ஒரு வளர்ந்த வன்னியைக் கண்டால் அதன் நிழலில் அரைமணி நேரம் உட்காருங்கள். வலசைக் காலத்தில் கதிர்க்குருவிகளும் கீச்சான்களும் ஈப்பிடிப்பான்களும் அந்த ஒரே மரத்தில் அடுத்தடுத்து வந்து போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த மாதத்தில் தொடங்குவது

செப்டம்பரில் தொடங்குங்கள், முடியாவிட்டால் நவம்பரில் தொடங்குங்கள். ஆகஸ்ட் மாதத்திலேயே வடக்கில் குஞ்சு பொரித்து முடித்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கடற்கரைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் அந்த வெப்பத்தில் புதியவர் ஒருவர் வெளியே நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்டோபரில் வாத்துகள் வரத் தொடங்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூநாரைகள், சேற்றுப் பூனைப்பருந்துகள், விரால் அடிப்பான்கள், தெருவெல்லாம் வெள்ளை வாலாட்டிகள் என்று நாடே நிறைந்திருக்கும். மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை நடக்கும் வடதிசைப் பயணமே எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த காலம். ஐரோப்பியப் பனங்காடைகள், நீலக்கன்னப் பஞ்சுருட்டான்கள், சிவப்பு வாலை ஆட்டும் சின்னஞ்சிறு பறவைகள் என நேற்று இல்லாதவை இன்று இருக்கும், நாளை போய்விடும்.

வானிலையையும் கவனியுங்கள். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று பலமாக வீசிய மறுநாளும், குளிர்கால மூடுபனி விலகும் காலையும், அரிதாகப் பெய்த மழைக்கு அடுத்த நாளும் சோர்ந்த பறவைகள் கிடைத்த பசுமையில் இறங்கிவிடுகின்றன. அத்தகைய நாள் உங்கள் விடுமுறையோடு பொருந்தினால் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

நாளில் எந்த நேரம் என்பதற்கு ஒரே விடைதான்: சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும். துபாயில் ஜனவரியில் ஏழு மணியை ஒட்டியும், ஜூனில் ஐந்தரை மணியை ஒட்டியும் சூரியன் எழும். எட்டரை அல்லது ஒன்பது மணிக்குமேல் தரையிலிருந்து கானல் எழுந்து, தூரத்துப் பறவையின் உருவம் தண்ணீருக்குள் இருப்பது போல் நெளியத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் பயனில்லை. இரவுப் பணி முடித்து வருபவர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. பணி முடியும் நேரமும் பறவைகள் விழிக்கும் நேரமும் ஒன்றாகவே இருப்பதால், அறைக்குத் திரும்பும் வழியில் இருபது நிமிடம் நின்றாலே போதும்.

கருவி வாங்குவதில் அவசரம் வேண்டாம்

முதல் மாதம் கண்ணும் காதும் ஒரு சிறு நோட்டும் போதும். அதன்பிறகும் ஆர்வம் நின்றால் பைனாகுலர் எனப்படும் இருநோக்கி ஒன்று வாங்கலாம். அதன் மேல் 8x42 என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். 8x42 அல்லது அதைவிட எடை குறைந்த 8x32 வாங்குங்கள். சூக்கு எனப்படும் சந்தைகளில் 20, 30 மடங்கு என்று எழுதி மலிவாக விற்பவை கையில் பிடித்தால் நடுங்கும், இருட்டாகத் தெரியும், கானலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். வேலை முடிந்து நாடு திரும்புவோர் தங்கள் பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்பது இங்கே வழக்கம் என்பதால், பயன்படுத்திய நல்ல இருநோக்கி கிடைக்கும்வரை காத்திருப்பது புதிதாக ஒரு மட்டமான கருவியை வாங்குவதைவிட மேலானது.

இந்த நாட்டுக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் படியும் மணலைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதியோ மென்தூரிகையாலோ மணலை அகற்றிவிட்டுப் பிறகே துடைக்க வேண்டும். கோடையிலும் கடலோர ஈரப்பதத்திலும் ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே எடுத்த கருவி உடனே ஆவி படிந்து மங்கிவிடும். புறப்படுவதற்குக் கால்மணி நேரம் முன்பே பையோடு அதை வெளியே வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இராது.

பெயர் கண்டுபிடிக்க, மத்திய கிழக்குப் பறவைகளுக்கென வண்ணப்படங்களோடு வந்த கையேடு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் தேடுங்கள். இந்தியப் பறவைகளுக்கான கையேடு பாதி வழிதான் துணைவரும். கைபேசியில் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. இந்நாட்டுக்கான தொகுப்பை அறையிலுள்ள வைஃபையில் ஒருமுறை இறக்கிக்கொண்டால், வெளியில் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் செயலி சொல்லும் பெயரை உடனே நம்பிவிடாமல், அது காட்டும் படத்தோடு நீங்கள் கண்டதை ஒப்பிட்டு, ஏன் அந்தப் பெயர் என்று உங்களுக்கு நீங்களே விளக்க முடிந்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறை

ஒரு பறவையைக் கண்டவுடன் புத்தகத்தையோ கைபேசியையோ எடுக்காதீர்கள். நீங்கள் நிமிர்வதற்குள் அது போயிருக்கும். பறவை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்து, சில கேள்விகளை ஒரே வரிசையில் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த எந்தப் பறவையின் அளவு இருக்கிறது? அலகு குட்டையா நீளமா, நேரா வளைந்ததா? காலின் நிறம் என்ன? என்ன செய்துகொண்டிருக்கிறது? எங்கே நிற்கிறது? நிறம் கடைசியில் வரட்டும், ஏனென்றால் பாலைவனத்தின் கடும் வெளிச்சத்தில் நிறம் அதிகமாக ஏமாற்றும். இங்குள்ள வானம்பாடிகளில் பலவும் மணலின் நிறத்திலேயே இருப்பதால், அவற்றை நிறத்தால் பிரிக்க முயல்வோர் வெகு விரைவில் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

செயலால் அறிவதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். திறந்த மணல்வெளியில் நீண்ட வளைந்த அலகோடு ஒரு மங்கிய பறவை ஓடி ஓடி மண்ணைக் கிளறினால், அது கொண்டலாத்தி வானம்பாடியாக இருக்கலாம். குளிர்காலத்தின் இறுதியிலும் இளவேனிலிலும் ஆண் பறவை ஒரு புதரின் மேலிருந்து விசிலடித்துக்கொண்டே நேர்செங்குத்தாக மேலெழுந்து, கறுப்பும் வெள்ளையுமான இறக்கைகளை விரித்துக் காட்டி, மறுபடி அதே புதருக்கு விழும். ஆளரவமற்ற மணல்மேட்டில் அந்த விசிலை முதன்முறை கேட்ட காலையில், ஊரை விட்டு வந்த பாரம் சற்று நேரம் என்னிடமிருந்து இறங்கியே போயிருந்தது.

வேலையிடத்தையும் மறக்காதீர்கள். கட்டுமானத்துக்காகச் சமன்படுத்திய வெறும் தரையில் ஆள்காட்டியும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் சின்னக் குழி செய்து முட்டையிடும். சுடும் நாளில் தாய்ப்பறவை தண்ணீருக்குப் போய் வயிற்றிறகை நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும். உங்கள் சைட்டில் அப்படி ஒரு கூட்டைக் கண்டால் கையால் தொடாமல் தள்ளி நின்று, சேஃப்டி ஆபீசரிடம் சொல்லி நான்கு கோன்களை வைத்துச் சுற்றிலும் நாடா கட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய நான்கு வாரங்களில் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் அன்றோ மறுநாளோ நடந்தே போய்விடும் என்று விளக்கினால், பெரும்பாலான ஃபோர்மன்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் தொலைவு போகும்போது

அருகிலுள்ள இடம் நன்றாகப் பழகிய பிறகு, மாதத்துக்கு ஒருமுறை வெளியே போகலாம். துபாயில் இருப்பவர்களுக்கு முதல் பயணமாக நான் சொல்வது ஓர் அப்ரா சவாரி. தேராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே க்ரீக் எனப்படும் கடற்கழியைக் கடக்கும் அந்த மரப்படகுக்கு 1 திர்ஹாம்தான் கட்டணம். குளிர்காலக் காலையில் படகைச் சுற்றிப் பறக்கும் கடற்காகங்களைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஒரே கூட்டத்தில் கண்ணுக்குப் பின்னால் கறும்புள்ளி உள்ளதும் இல்லாததும், அலகு தடித்ததும் மெலிந்ததும் கலந்திருக்கும் என்பதால், நான்கைந்து முறை கடந்தாலே இனம் பிரிக்கும் பயிற்சி கிடைத்துவிடும்.

அதே க்ரீக் உள்நாட்டில் சென்று சேரும் இடமே ராஸ் அல் கோர் சரணாலயம். 2007-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்த 6.2 சதுர கிலோமீட்டர் பரப்பில், பின்னணியில் உலகின் மிக உயரமான கட்டடம் தெரிய, குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் மேயும். நாட்டிலேயே எளிதில் பெரும்புள்ளிக் கழுகைக் காணக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. சதுப்புக்குள் நடக்க முடியாது. மறைந்திருந்து பார்க்க அமைத்த குடில்களிலிருந்தே பார்க்க வேண்டும். குடில்கள் நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பதால் மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து டாக்ஸி எடுப்பதே பாதுகாப்பானது. வெயிலில் சாலையோரம் நடந்து போகலாம் என்று எண்ணாதீர்கள். எந்தக் குடில் எந்நேரம் திறந்திருக்கும் என்பதைப் போகும் வாரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது எல்லாச் சரணாலயங்களுக்கும் பொருந்தும்.

அபுதாபியில் இருப்பவர்களுக்கு அல் வத்பா ஈரநிலம் உண்டு. நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் தேங்கி உருவான ஏரி அது. பூநாரைகள் அங்கே வெற்றிகரமாகக் குஞ்சு பொரித்ததை அடுத்து 1998-ஆம் ஆண்டில் ஷேக் சையத் அதைக் காப்பிடமாக அறிவித்தார். 2013-இல் ராம்சார் தகுதியும் கிடைத்தது. உப்பு மிகுந்த நீரில் பெருகும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறாலே அங்குள்ள பூநாரைகளுக்கு உணவும் அவற்றின் இளஞ்சிவப்பு நிறத்துக்கு மூலமும் ஆகும். கழிவென்று விட்ட நீரிலிருந்து இப்படி ஒன்று தோன்றியது என்பதைப் புதிதாக வருபவர்களிடம் நான் விடாமல் சொல்வதுண்டு. நகருக்குள்ளேயே போதும் என்பவர்கள் கோர்னிஷ் கரையிலும் அலையாத்திக் காட்டோரத்திலும் கரைக்கொக்குகளைத் தேடலாம். கரும்சாம்பல், தூய வெள்ளை என இரு நிறங்களிலும் ஒரே இனம் இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அது நல்ல இடம்.

ஷார்ஜாவில் வாசித் ஈரநில மையம் இருக்கிறது. குப்பை கொட்டிப் பாழாக்கிய நிலத்தை மீட்டு அமைத்த அந்த மையத்தின் கட்டடம் 2019-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. கண்ணாடிக்குப் பின்னால் குளிரூட்டிய அறையில் நின்று பார்க்கலாம் என்பதால் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கும், கோடையைத் தாங்க முடியாதவர்களுக்கும் ஏற்றது. துபாயின் அல் குத்ரா ஏரிகள் பாலைவனத்தின் நடுவே வெட்டி நிரப்பியவை. அங்கே நெடுங்கால் உள்ளான், முக்குளிப்பான், வாத்துகள் ஆகியவற்றை நீரிலும், சுற்றியுள்ள மணலில் வானம்பாடிகளையும் ஒரே காலையில் பார்க்கலாம். பேருந்து வசதி போதாததால் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகைக் கார் எடுங்கள். அனுமதியின்றி ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிச் செல்லும் கார் லிஃப்ட்டைத் தவிருங்கள்.

கடற்கரையில் நேரம் முக்கியம் இல்லை, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதமே முக்கியம். ஏற்ற ஓதத்தின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போனால், உயரும் நீர் சேற்றுவெளியில் பரவி மேய்ந்த பறவைகளை உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். இறங்கு ஓதத்தில் போனால் அவை ஒரு கிலோமீட்டர் தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரியும். உம் அல் குவைனின் கோர் அல் பெய்தா கழிமுகத்துக்கு இந்தக் கணக்கோடு போங்கள். கறுப்பு முதுகும் வெண்ணுடலும் கத்திபோல் தடித்த கரிய அலகும் கொண்டு, மெல்ல நடந்து சட்டென்று நண்டைப் பாய்ந்து பிடிக்கும் பறவையைக் கண்டால் அது நண்டுதின்னி. இந்தியப் பெருங்கடலின் கரைகளுக்கே உரிய இப்பறவை கோடையில் தீவுகளின் மணலில் வளை தோண்டி, உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டையிட்டு, பெரும்பாலும் மணலின் வெப்பத்திலேயே அதைப் பொரிக்கவிடுகிறது. தனுஷ்கோடியிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் குளிர்காலத்தில் தென்படுவதும் இதே இனந்தான். அதே எமிரேட்டின் சினியா தீவில் சொகோத்ரா நீர்க்காகங்களின் பெரும் குடியிருப்பு இருப்பதால், அவை கரிய கயிறுபோல் வரிசையாகக் கடல்மட்டத்தில் பறந்து போவதையும் கரையிலிருந்தே காணலாம்.

கிழக்குக் கரையில் கோர் கல்பாவின் அலையாத்திக் காட்டில் வெண்கழுத்து மீன்கொத்தியின் ஒரு தனிச் சிற்றினம் வாழ்கிறது. உலகில் அதன் இருப்பிடம் கல்பாவும் அதை ஒட்டிய ஓமானியக் கரையும்தான். அங்கே இப்போது கட்டுப்பாடுகள் உண்டு. பார்வையாளர் மையத்தின் வழியாகவே செல்லுங்கள். மலைப் பறவைகளுக்கு ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜெய்ஸும் அல் ஐனின் ஜெபல் ஹஃபீத்தும் போதும். மலையடிவாரத்திலேயே பாறைமேல் நின்று வாலாட்டும் வீட்டியர் என்னும் கறுப்பு வெள்ளைச் சிறு பறவையைக் காணலாம். நேரமிருந்தால் வானத்தையும் பாருங்கள், ஹஃபீத் பக்கம் மஞ்சள்முகப் பாறு வட்டமிடும்.

பாலைவனத்துக்குள் கல்கவுதாரியைத் தேடுவதற்கு அனுபவமுள்ளவரோடு போங்கள். விடிந்து ஓரிரு மணி நேரத்தில் தண்ணீருக்குக் கூட்டமாக வரும் இப்பறவைகளில், ஆண் பறவை தன் வயிற்றிறகை நீரில் நனைத்துப் பஞ்சுபோல் உறிஞ்சவைத்து, பல கிலோமீட்டர் பறந்து குஞ்சுகளுக்கு ஊட்டும். ஒட்டகத் தொட்டியருகே அமைதியாகக் காத்திருந்தால் அதைக் காணும் வாய்ப்பு கிடைக்கலாம். தொட்டிக்கு மிக அருகில் நின்று அவற்றின் நீரை மறித்துவிடக் கூடாது.

யாரும் தவறாக எண்ணாமல் இருக்க

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒரு சிறு தவறும் வேலையையும் விசாவையும் பறிக்கக்கூடும். விமான நிலையம், துறைமுகம், ராணுவ இடம், அரண்மனை, எண்ணெய் நிலையம், மின்னிலையம், அரசு அலுவலகம் ஆகியவற்றின் பக்கம் இருநோக்கியையோ கேமராவையோ தூக்கவே தூக்காதீர்கள். அந்த மதில்மேல் எவ்வளவு அரிய பறவை உட்கார்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். குடியிருப்புகளின் சன்னல் பக்கமும், பெண்களும் குழந்தைகளும் இருக்கும் பக்கமும் அவ்வாறே. அனுமதியின்றி ஒருவரைப் படமெடுப்பது இங்கே தண்டனைக்குரிய குற்றம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

எமிரேட்ஸ் ஐடியை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். காவலரோ செக்யூரிட்டியோ அழைத்தால் உடனே நின்று, கருவியைக் கீழே இறக்கி, சலாம் சொல்லி, பறவைக் கையேட்டைத் திறந்து காட்டுங்கள். அரபு பேசுபவரிடம் பறவைகளுக்குத் துயூர் என்றும், உருது பேசுபவரிடம் பரிந்தே என்றும், மலையாளியிடம் பக்ஷி என்றும் சொன்னால் போதும். நான் ஒருமுறை வேலி கட்டிய ஒரு வளாகத்தின் அருகே, அது என்ன இடமென்று தெரியாமலேயே நின்றுவிட்டேன். காவலர் வந்து அரைமணி நேரம் விசாரித்தபின், நோட்டில் தமிழில் எழுதியிருந்த பறவைப் பட்டியலையும் கையேட்டிலிருந்த படங்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டியதால்தான் அனுப்பிவைத்தார். அன்றுமுதல் புதிய இடத்துக்குப் போகுமுன் வரைபடத்தில் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் புறப்படுவதில்லை.

பறவைகளைப் பொறுத்தவரை, பிடிப்பதும் வேட்டையாடுவதும் முட்டை எடுப்பதும் 1999-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். ஆந்தை தங்கும் மரம், வல்லூறின் கூடு, ஹுபாரா என்னும் பெரிய பாலைவனப் பறவையைக் கண்ட இடம் ஆகியவற்றைப் பொதுவில் பகிராதீர்கள். வல்லூறும் ஹுபாராவும் இந்நாட்டுப் பண்பாட்டில் பெருமதிப்புள்ளவை என்பதால், ஆசையோடு பகிர்ந்த ஒரு தகவலே அவற்றுக்குக் கேடாகலாம். ஊருக்குப் போகும்போது சந்தையில் கிளியோ சிட்டோ வாங்கிக் கொண்டுபோகலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். உரிய அனுமதிகள் இல்லாமல் அது இரு நாட்டுச் சட்டத்துக்கும் விரோதம்.

வெப்பமும் மண்ணும்

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்தவெளி வேலையையே அரசு தடைசெய்கிறது. வேலைக்கே ஆகாத வெயில் பொழுதுபோக்குக்கும் ஆகாது. கோடையில் விடியலுக்குப் பின் ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள். மற்ற மாதங்களிலும் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவை இல்லாமல் மணலுக்குள் போக வேண்டாம். விரியனும் தேளும் புதரடியில் இருக்கும். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால், வியர்வை நின்றுபோனால், பார்ப்பதை நிறுத்தி நிழலுக்குப் போய் உடலை நனைத்து உதவி கேளுங்கள். ஆம்புலன்சுக்கு 998, காவல்துறைக்கு 999.

கடலோரத்திலும் உள்நாட்டிலும் சப்கா என்னும் உப்புத்தரை உண்டு. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் சேறாக இருப்பதால் காரும் காலும் புதையும். ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு விலகாதீர்கள். மலைப்பக்கம் மேகம் கறுத்தால் வாதி எனப்படும் வறண்ட ஓடைப்படுகைக்குள் நிற்காதீர்கள், எங்கோ பெய்த மழை நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும். தனியாகப் போவதானால் இருப்பிடத்தைக் கைபேசியில் ரூம் நண்பருக்குப் பகிர்ந்து, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

எழுதிவையுங்கள்

ஒவ்வொரு முறையும் தேதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இனம், எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். பிறகு அதையே பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியலாகப் பதியுங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணமில்லை. அடையாளம் தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிடுவது பிழையாகப் பதிவதைவிட நல்லது. எதுவும் காணாத நாளையும் பதியுங்கள். ராஸ் அல் கோருக்கு ஏராளமானோர் போய் எழுதுகிறார்கள். ஆனால் சோனாப்பூரிலோ முசாஃபாவிலோ ஒரு கேம்ப்பின் பின்புறம் தேங்கிய நீரில் பிப்ரவரி மாதம் எத்தனை வாலாட்டிகள் இருந்தன என்று எழுதக்கூடியவர் அங்கே தங்கியிருக்கும் நீங்கள் ஒருவர்தான். துபாயிலும் அபுதாபியிலும் அல் ஐனிலும் இயற்கை வரலாற்றுக் குழுக்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. அவர்களின் கூட்டத்துக்கும் களப்பயணத்துக்கும் ஒருமுறை போய்வந்தால், அடையாளம் காண முடியாமல் வைத்திருந்த படங்களையும் குறிப்புகளையும் காட்டிக் கேட்பதற்கு ஆள் கிடைப்பார்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது அந்த நோட்டையும் இருநோக்கியையும் எடுத்துச் செல்லுங்கள். விடுப்பு டிசம்பரிலோ ஜனவரியிலோ அமைந்தால் கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோ ஒரு விடியற்காலையில் போய், அங்கே நிற்கும் பூநாரைகளையும் உள்ளான்களையும் இங்கே எழுதிய அதே முறையில் எண்ணி, அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.